நறுக்கி விற்கும் காய்க்குள் என்ன நடக்கிறது, அதையே வீட்டில் எப்படித் தயார் செய்து வைப்பது

சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிப் பக்கம் போனால் இப்போதெல்லாம் பாதி இடத்தைத் தட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நறுக்கிய பீன்ஸ், துருவிய கேரட், உரித்த சின்ன வெங்காயம், சாம்பார் காய், அவியல் காய், பொடியாக அரிந்த வாழைத்தண்டு. மேலே இறுக்கமாக ஒரு பிளாஸ்டிக் தாள், அதன்மேல் விலைச்சீட்டு. காலை ஆறு மணிக்கு எழுந்து இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுகிறவர்கள் இதை வாங்குவதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 200 கிராம் தட்டின் விலையை ஐந்தால் பெருக்கி, பக்கத்தில் கூடையில் கிடக்கும் அதே காயின் கிலோ விலையோடு ஒப்பிட்டால், நீங்கள் பெரும்பாலும் கத்தி வேலைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்பது தெரியும். அந்த வேலையிலும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியது பாதிதான்: ஆய்வது, உரிப்பது, நார் எடுப்பது. மீதிப் பாதியான நறுக்குவதை எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் எப்படி என்று பார்க்கலாம்.

கத்தி பட்ட பிறகு

செடியிலிருந்து பறித்த பிறகும் காய் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்சிஜனை எடுத்து, தன்னிடம் இருக்கும் சர்க்கரையைச் செலவழித்து, கார்பன் டை ஆக்சைடையும் ஈரத்தையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. கத்தி பட்டதும் இந்த வேகம் கூடிவிடும். செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த நொதிகளும் (என்சைம்கள்) மற்றச் சத்துகளும் ஒன்றோடொன்று கலக்கும். கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பது இதனால்தான். வெட்டுப்பட்ட இடத்தில் கசியும் சாறு கிருமிகளுக்கு விருந்து. வைட்டமின் சி காற்றுப் பட்டும் தண்ணீரில் கரைந்தும் குறையத் தொடங்கும். எவ்வளவு பொடியாக நறுக்குகிறோமோ அவ்வளவு பரப்பு திறந்து கிடக்கிறது. அதனால்தான் முழு கேரட் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று வாரம் தாங்கும்போது துருவிய கேரட் இரண்டு மூன்று நாளில் பிசுபிசுக்கிறது.

ஒழுங்கான ஆலையில் நடப்பது

பெரிய அளவில், ஒழுங்காகச் செய்கிற இடத்தில், முதல் வேலையே குளிர்தான். பறித்த சில மணி நேரத்துக்குள் காயின் சூட்டை இறக்கிவிடுவார்கள். பிறகு தரம் பிரிப்பு, மண் போக முதல் கழுவல். கேரட், உருளை மாதிரியானவற்றைச் சொரசொரப்பான உள்சுவர் உள்ள சுழலும் டிரம்மில் போட்டுத் தோலைத் தேய்த்தே எடுத்துவிடுவார்கள். நறுக்கும் இயந்திரத்தின் பிளேடை அடிக்கடி மாற்றுவார்கள், ஏனென்றால் மழுங்கிய பிளேடு வெட்டாது, நசுக்கும். நசுங்கிய ஓரம் சீக்கிரம் அழுகும். (வீட்டுக் கத்திக்கும் இதே நியாயம்தான். பாதிப் பேர் வீட்டில் கத்தி சாணை பிடித்தே வருஷக்கணக்கு ஆகியிருக்கும்.)

அடுத்து குளோரின் தண்ணீர். லிட்டருக்கு 50 முதல் 200 மில்லிகிராம் வரை குளோரின் கலந்த, ஐஸ் போல் குளிர்ந்த தண்ணீரில் நறுக்கிய காயை ஓடவிட்டு எடுப்பார்கள். கேட்டதும் பலருக்கு மருந்தில் முக்கி எடுப்பது போலத் தோன்றும், அவ்வளவு பயப்பட வேண்டாம். பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிடுவார்கள். ஆனால் இதனால் காய் முழுக்கச் சுத்தமாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். குளோரினின் முக்கியமான வேலை, ஒரு மூட்டையில் இருக்கும் கிருமி அந்தத் தொட்டித் தண்ணீர் வழியாக அடுத்த நூறு மூட்டைக்குப் பரவாமல் தடுப்பது. காயின் மடிப்பிலும் வெட்டுவாயிலும் ஒட்டிக்கொண்டதை அது முழுதாக எடுக்காது. 2006ல் அமெரிக்காவில் பையில் அடைத்து விற்ற பசலை வகைக் கீரையில் ஈ.கோலை கிருமி இருந்து சுமார் 200 பேர் நோய்வாய்ப்பட்டார்கள், 3 பேர் இறந்தார்கள். பல வயல்களின் கீரையை ஓர் ஆலையில் கலந்து பையில் போட்டு நாடு முழுக்க அனுப்பும் முறையில், ஓரிடத்து அழுக்கு எத்தனை வீட்டுக்குப் போகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

கழுவிய காயைத் துணி உலர்த்தும் இயந்திரம் போலச் சுழற்றி ஈரம் எடுப்பார்கள். இந்த இடம் முக்கியம், பின்னால் வீட்டு வேலைக்கு வரும்போது மறுபடி சொல்வேன். கடைசியில் பை. அதற்குள் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகவும் இருக்கும்படி அந்தப் பிளாஸ்டிக்கின் வகையையும் துளைகளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். மூச்சு விடுவதை மெதுவாக்கினால் காய் மூப்படைவதும் மெதுவாகும். இவ்வளவும் பலிக்க வேண்டுமானால் ஆலையிலிருந்து லாரி, கிடங்கு, கடை அலமாரி வரை 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. எங்காவது ஓரிடத்தில் அந்தச் சங்கிலி அறுந்தால் முன்னால் செய்த வேலையெல்லாம் வீண்.

நம் ஊரில் இடறுவது இங்கேதான். நம் கடைத் தட்டுகள் எல்லாமே இப்படி ஓர் ஆலையிலிருந்து வருவதில்லை; கடையின் பின்பக்கத்திலேயே ஆள் வைத்துக் கையால் நறுக்கித் தட்டில் பரப்பி, சாதாரண ஒட்டும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைப்பதும் நிறைய உண்டு. கையால் நறுக்குவதில் தப்பில்லை. ஆனால் குளோரின் கழுவல், சுழற்றி உலர்த்துவது, காற்றைக் கட்டுப்படுத்தும் பை எதுவும் கிடையாது. நறுக்கிய நாள் எது என்பதும் சீட்டில் எப்போதும் தெளிவாக இருக்காது. கதவில்லாத திறந்த அலமாரி, சித்திரை வெயில், இடையில் கரண்ட் கட். தட்டுக்குள் தண்ணீர் கோத்திருந்தாலோ, தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தாலோ, பீன்ஸ் ஓரம் பழுப்பாகியிருந்தாலோ எடுக்காதீர்கள். உரித்த சின்ன வெங்காயத்தைத் தாளுக்கு மேலாகவே முகர்ந்து பாருங்கள், மூக்குக்குத் தெரிந்துவிடும்.

கேரட்டின் கதை

மேல்நாட்டுக் கடைகளில் பையில் வரும் விரல் நீளக் குட்டிக் கேரட் தனி ரகம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். 1986 வாக்கில் கலிஃபோர்னியாவில் மைக் யூரோசெக் என்ற விவசாயி, கோணல்மாணலாக விளைந்து விலை போகாமல் கழிந்த கேரட்டை என்ன செய்வது என்று யோசித்து, துண்டாக்கி, தோல் போக உருட்டித் தேய்த்து விற்கத் தொடங்கியதில் பிறந்தவை அவை. பெரிய கேரட்டை வெட்டிச் சீவியதுதான். தோல் இல்லாததால் மேல்பரப்பு காய்ந்து வெள்ளை பூத்துவிடும், அதைப் பார்த்து மருந்துப் படிவு என்று பயப்படுவார்கள். வெறும் வறட்சி, தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

நம் நீலகிரிக் கேரட்டும் ஒருவகையில் பதப்படுத்தித்தான் வருகிறது. கேத்தி பாலாடா பக்கம் போயிருப்பவர்கள் கேரட் கழுவும் இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். வயலிலிருந்து மண்ணோடு வருவதை உருளைக்குள் போட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்றி, பளபளவென்று ஆனதும் மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள். பளபளப்பு வருவதற்குக் காரணம் மேல்தோல் கொஞ்சம் உரசிப் போவது. அதனால் கண்ணுக்கு அழகாக இருந்தாலும் மண் ஒட்டிய கேரட் அளவுக்கு வைத்திருக்க முடியாது. உழவர் சந்தையில் மண்ணோடு கேரட் கிடைத்தால் அதையே எடுங்கள், கழுவாமல் மண்ணைத் தட்டிவிட்டு வையுங்கள்.

உறைந்த பட்டாணி: நான் வாங்குவது

பாக்கெட் என்றாலே கெட்டது என்று சொல்கிறவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. உறைந்த பச்சைப் பட்டாணியை நான் தைரியமாக வாங்குவேன். பறித்த நிமிஷத்திலிருந்து பட்டாணியின் இனிப்பு மாவுச்சத்தாக மாறிக்கொண்டே போகும். ஆலையில் அதை வேகமாக உரித்து, கொதிநீரிலோ ஆவியிலோ ஓரிரு நிமிஷம் காட்டி, உடனே குளிரவைத்து, கீழிருந்து வீசும் கடுங்குளிர் காற்றில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக மிதந்து உறையும்படி செய்கிறார்கள். அதனால்தான் பாக்கெட்டைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கிறது. கடையில் எடுக்கும்போது குலுக்கிப் பாருங்கள். கட்டியாக ஒட்டியிருந்தால் அது எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது, வேண்டாம்.

வேகமாக உறைவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெதுவாக உறைந்தால் செல்லுக்குள் பெரிய பெரிய பனிப்படிகம் உண்டாகிச் சுவரைக் கிழித்துவிடும், உருகும்போது காய் தொளதொளவென்று ஆகும். வேகமாக உறைந்தால் படிகம் சிறியது, சேதம் குறைவு. 1920களில் அமெரிக்காவின் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ இதை வியாபாரமாக்கினார். கனடாவின் லாப்ரடார் பகுதியில் இன்யூட் பழங்குடி மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைவதையும், அதைப் பிறகு சமைத்தால் ருசி கெடாமல் இருப்பதையும் பார்த்ததிலிருந்து வந்த யோசனை அது.

உறைந்த காயைச் சமைக்காமல் சாப்பிட வேண்டாம். ஐரோப்பாவில் 2015 முதல் 2018 வரை உறைந்த மக்காச்சோளம் வழியாக லிஸ்டீரியா கிருமி பரவி உயிரிழப்பே நடந்தது. உறைநிலை கிருமியைத் தூங்க வைக்கும், கொல்லாது. சாலட்டில் உறைந்த சோள முத்தை அப்படியே தூவும் பழக்கம் இருந்தால் ஒரு கொதி விட்டுத் தூவுங்கள்.

இன்னொன்று, தெருவில் ‘பச்சைப் பட்டாணி’ என்று உரித்து விற்பதில் சில இடங்களில் காய்ந்த பட்டாணியை ஊறவைத்துச் சாயம் ஏற்றியது வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் சொல்லும் சோதனை மிக எளிது: கொஞ்சம் பட்டாணியைக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் பச்சையானால் கொட்டிவிடுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் எண்கள் இருந்தால் இவை: 330 சிட்ரிக் அமிலம், 300 வைட்டமின் சி, இரண்டும் கறுக்காமல் இருக்க. 509 கால்சியம் குளோரைடு, காய் மொறுமொறுப்பு விடாமல் இருக்க. 223, 224 இரண்டும் சல்ஃபைட் உப்புகள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அவர்கள் மட்டும் கவனித்து வாங்க வேண்டும். நல்ல உறைந்த பட்டாணிப் பாக்கெட்டில் பட்டாணி என்ற ஒரே பெயர்தான் இருக்க வேண்டும்.

சரி, வீட்டில்

கொதிநீரில் காட்டி எடுப்பது ஏதோ ஆலை வித்தை என்று நினைக்க வேண்டாம். கொத்தவரங்காய் வத்தல் போடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்து, வடித்து, வெயிலில் காய வைக்கிறார்கள். சுண்டைக்காயை நசுக்கி உப்பு மோரில் ஊறப்போட்டு, பகலில் காய்ச்சல், ராத்திரி மறுபடி மோருக்குள். வேக்காடு நொதியை அடக்குகிறது, மோரின் புளிப்பும் உப்பும் கிருமியை அடக்குகின்றன, வெயில் ஈரத்தை எடுக்கிறது. ஆலைக்காரன் வெயில் இருந்த இடத்தில் குளிரை வைத்திருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாரத்துக்கு ஒருமுறை காய் வாங்குகிற வீட்டுக்கு ஒரு மணி நேர வேலை போதும். சந்தையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிக் குளிர்பெட்டியில் அடுக்குவதுதான் பலர் செய்வது. அதுதான் அழுகலுக்கு வழி. ஈரம்தான் எதிரி. கழுவினால் பொட்டு ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும், உலர்த்த நேரம் இல்லையென்றால் கழுவவே வேண்டாம், சமைக்கும் முன் கழுவிக்கொள்ளலாம். மின்விசிறிக்குக் கீழே பழைய வேட்டியை விரித்துப் பரப்பிவிட்டால் அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடும். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மையில் இருக்கும் ரசாயனம் உணவில் ஒட்டும் என்று மேலே சொன்ன ஆணையமே 2016ல் எச்சரித்திருக்கிறது.

காயில் அடித்த பூச்சிமருந்து போக என்ன செய்வது என்பது எப்போதும் வரும் கேள்வி. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதுதான் முதல் வேலை, அதை விட்டுவிட்டு மற்ற எதைச் செய்தும் பலனில்லை. 2017ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துப் பார்த்தபோது, லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கலந்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிஷம் ஊறவைத்ததில் அவர்கள் பூசியிருந்த இரண்டு மருந்துகளும் மேல்தோலிலிருந்து போய்விட்டன. தோலுக்குள் இறங்கியது போகவில்லை. ஆகவே குடைமிளகாய், தக்காளி, கத்தரிக்காய் போன்று வழவழப்பானவற்றுக்கு இரண்டு டீஸ்பூன் சோடா போட்டு ஊறவைப்பதில் பிரயோஜனம் உண்டு, பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். மஞ்சள், உப்புத் தண்ணீர் எல்லாம் காலிஃபிளவரிலும் கீரையிலும் ஒளிந்திருக்கும் புழுவை வெளியேற்ற நல்லது; மருந்துக்கு அதை நம்பாதீர்கள்.

இனிக் காய் காயாக.

பீன்ஸ், அவரை, கொத்தவரை: காம்பும் நாரும் மட்டும் எடுத்து, முழுசாகவே துணிப்பையில் போட்டு வையுங்கள். பொரியலுக்கு நறுக்குவதில் நேரத்தைத் தின்பது நார் எடுப்பதுதான், அது முடிந்துவிட்டால் காலையில் ஏழெட்டைச் சேர்த்துப் பிடித்து நறுக்க ஐந்து நிமிஷம். முட்டைக்கோஸைத் தொடவே வேண்டாம், முழுசாக இருந்தால் வாரக்கணக்கில் இருக்கும். பூசணி, பரங்கியில் கீற்று வாங்கினால் விதையையும் நாரையும் வழித்தெடுத்துவிட்டு வையுங்கள், அழுகல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் கடுங்குளிர் ஆகாது. தோலில் குழி விழுந்து கறுக்கும், விதை பழுப்பாகும். குளிர்பெட்டியின் கீழ்ப் பெட்டியில் அல்லது கதவுப் பக்கம் வைத்து முதல் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். கேரட்டை ஆப்பிளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசக்கும், பக்கத்தில் இருக்கும் கீரை மஞ்சளாகும்.

கீரைதான் உண்மையில் நேரம் பிடிக்கிற வேலை, ஆய்ந்த கீரைப் பாக்கெட் நன்றாக விற்பதிலும் ஆச்சரியமில்லை. ஆனால் கெட்டுப்போவதிலும் அதுதான் முதல். வாங்கிய அன்றே வேரை வெட்டி, மஞ்சள் இலையையும் அழுகிய இலையையும் எடுத்துவிட்டு, கழுவாமல் துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வையுங்கள். டிவி பார்த்துக்கொண்டே வீட்டில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து ஆயலாம், அதற்குத் தனித்திறமை எதுவும் வேண்டாம். அரிவது சமைக்கும்போதுதான். கழுவிவிட்டு அரியுங்கள், அரிந்துவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். மல்லித்தழைக்கும் இதே துணி வைத்தியம். கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவி உலர்ந்த டப்பாவில் போட்டால் போதும்.

சின்ன வெங்காயம், பூண்டு: கடையில் உரித்ததை வாங்க வைப்பதில் இவை இரண்டும்தான் முன்னணி. வெங்காயத்தின் இரு முனையையும் லேசாக வெட்டிவிட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், கண்ணும் எரியாது. உரித்ததை மறுபடி கழுவாமல் துணியில் ஒற்றி, அடியில் ஒரு துணித்துண்டு விரித்த டப்பாவில் மூடி வைத்தால் ஐந்தாறு நாள் தாராளமாக வரும். துணி ஈரமாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். பூண்டை உதிர்த்து, பல்லை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டாலோ, மொத்தமாகத் துண்டுக்குள் முடிந்து கசக்கினாலோ தோல் கழன்றுவிடும். உரித்த பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு அடுப்பு மேடையில் வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எண்ணெய்க்குள் காற்று புகாது, புளிப்பும் இல்லை. பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு இவ்வளவு வசதி போதும். ஊறுகாயில் புளி, எலுமிச்சை, உப்பு எல்லாம் இருப்பதால் கதை வேறு. இஞ்சி பூண்டு விழுதைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்தில் முடியுங்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிட்டுவிடலாம்.

வாழைத்தண்டும் வாழைப்பூவும் நறுக்கி வைத்தே ஆக வேண்டியவை, காலையில் உட்கார்ந்து இதைச் செய்ய யாராலும் முடியாது. தண்டின் மேல் பட்டைகளை நார் நாராக உரித்து, உள்ளே கையால் வளைத்தால் வளையாத கெட்டித் தண்டு வந்ததும் வட்டமாக அரியுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் இழுபடும் நாரை விரலில் சுற்றிக்கொண்டே போக வேண்டும். வட்டங்களை அடுக்கிப் பொடியாக நறுக்கி உடனே நீர்மோரில் போடுங்கள். வெறும் தண்ணீர் காற்றைத்தான் தடுக்கும், மோரின் புளிப்பு கறுக்க வைக்கும் நொதியின் வேலையையே மந்தமாக்கும். பூவுக்குக் கையில் முதலில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கறை நாள் கணக்கில் போகாது. மடலைத் திறந்து, ஒவ்வொரு பூவிலும் உருண்டைத் தலையோடு விறைப்பாக நிற்கும் கள்ளனையும் கண்ணாடி போலிருக்கும் சிறு செதிலையும் எடுக்க வேண்டும். உள்ளே போகப் போக மடல் வெள்ளையாகிவிடும், அந்தக் குருத்துக்குக் கள்ளன் எடுக்க வேண்டியதில்லை. இவற்றை மோரோடு குளிர்பெட்டியில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் வைக்கலாம். கடையில் தட்டில் காய்ந்து பழுப்பாகிக் கிடக்கும் வாழைத்தண்டைப் பார்க்கும்போது, மோர் என்ற ஒன்று அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

உறைய வைக்கிற வேலை

மார்கழி, தை மாதங்களில் பட்டாணி மலிவாக வரும்போது செய்து வைத்துக்கொள்ளலாம். தோலோடு ஒரு கிலோ வாங்கினால் மணி பாதிக்கும் குறைவாகத்தான் தேறும், அதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள். அரை கிலோ மணிக்குப் பெரிய பாத்திரத்தில் 4 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் காயைப் போட்டதும் கொதி அடங்கிவிடும், மறுபடி கொதிப்பதற்குள் காய் குழைந்துபோகும். பட்டாணி ஒன்றரை நிமிஷம், சிறு துண்டுக் கேரட் 2 நிமிஷம், பீன்ஸ், காலிஃபிளவர் 3 நிமிஷம். மறுபடி கொதி வந்ததிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். நேரம் முடிந்ததும் வடிகட்டி ஐஸ் தண்ணீரில் கொட்டி, கொதிநீரில் இருந்த அளவு நேரமாவது வைத்து உள்சூடு போகவிட வேண்டும். பிறகு வடித்து, துணியில் பரப்பி, நன்றாக உலர்த்துங்கள். ஆலைக்காரன் சுழற்றி ஈரம் எடுப்பதாகச் சொன்னேனே, அந்த வேலை இதுதான். இதை அவசரப்பட்டு முடித்தால் மொத்தமும் ஒரே பனிக்கட்டி ஆகிவிடும்.

உலர்ந்ததைப் பெரிய தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி உறைபெட்டியில் சில மணி நேரம் வைத்து, கல் போல ஆனதும் பைக்கு மாற்றிக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். மொத்தமாகப் பையில் போட்டு உறைய வைத்தால் நடுவில் இருப்பது மெதுவாக உறையும், பெரிய படிகம், தொளதொளப்பு எல்லாம் வரும். கொதிநீர் வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டுப் பச்சையாகவே உறைய வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது, கொஞ்ச காலம் போனதும் நிறம் மங்கி, வைக்கோல் வாசம் அடிக்கத் தொடங்கும். நொதி குளிரிலும் மெதுவாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

தனி உறைபெட்டிக் கதவு உள்ள குளிர்பெட்டியில் மைனஸ் 18 டிகிரி கிடைக்கும், அதில் ஆறேழு மாதம் வைக்கலாம். உள்ளேயே சின்ன அறை உள்ள ஒற்றைக் கதவுப் பெட்டி என்றால் ஒரு மாதத்துக்குள் தீர்க்கிற அளவு மட்டும் செய்யுங்கள். முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி 2 நிமிஷம் கொதிநீரில் காட்டி வைத்தால் விலை ஏறும் மாதங்களில் சாம்பாருக்குக் கை கொடுக்கும். துருவிய தேங்காய், பச்சை மிளகாய், குடைமிளகாய் இவற்றுக்குக் கொதிநீர் தேவையில்லை. வெள்ளரி, முள்ளங்கி, பச்சை உருளைக்கிழங்கு இவற்றை உறைய வைக்க வேண்டாம், உருகியதும் எதற்கும் ஆகாது. சமைக்கும்போது வெளியே எடுத்து வைத்து உருகவிடாமல் நேராகச் சட்டியில் போடுங்கள், உருகினதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

எந்தக் காயை எந்த நாள் என்று கொஞ்சம் வரிசை வைத்துக்கொண்டால் நறுக்கி வைக்க வேண்டிய அவசரமே குறையும். ஞாயிறு வாங்கினால் ஞாயிறு, திங்களில் கீரை, வாழைப்பூ. செவ்வாய், புதனில் வெண்டை, கத்தரி. வியாழனுக்குப் பீன்ஸ், அவரை. வெள்ளி, சனிக்குக் கோஸ், கேரட், பூசணி, சேனை. வீட்டுக்குத் திடீரென்று ஆள் வந்துவிட்டால் உறைபெட்டிப் பட்டாணி இருக்கிறது.